பெட்ரோல் காசு

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது என்று அம்மா லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். போதாததற்கு, நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்து சேர்ந்தது. அதற்கும் ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. காய வைக்கிற பக்கத்தில் துணியைப் போட்டுக் குமிழைத் திருகியதும், உடம்பெல்லாம் உதறிக்கொண்டு சுவரை விட்டுக் கிளம்பும். எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் தரை எங்கே சமமாக இருந்தது? கொஞ்சம் அசந்தால் வாசற்படி வரை வந்துவிடும். அதைப் பிடித்து வைக்க ஒரு பாரம் வேண்டும் என்று அம்மா என்னைத் தூக்கித் துவைக்கிற பக்கத்து மூடி மேல் உட்கார வைப்பாள். ஒரே வேலையில் இரண்டு பேரையும் அடக்கிவிட்டதாக அவளுக்கு நினைப்பு. நான் பல் கிடுகிடுக்க உட்கார்ந்து ஆ என்று கத்துவேன், குரல் துண்டு துண்டாக வெளியே வரும். அதைவிடச் சுகமான வேலை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அது வந்ததற்குக் காரணமும் நான்தான். சரியாகச் சொன்னால் என் ஸ்வெட்டர். குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட்டில் ஐப்பசியில் பிடிக்கிற மழை லேசில் விடாது. துவைத்த துணி காய வேண்டுமென்றால் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பி ஒன்றுதான் வழி. கவாத்து வெட்டிய குச்சி எரிகிற புகையில் தொங்கித் தொங்கித் துணி காயும், கூடவே புகையும் அதில் குடியேறிவிடும். லைனில் எல்லோர் மேலும் அதே வாசனை என்பதால் யாருக்கும் அது தெரியாது. கீழே அரசுப் பள்ளியில் படித்த அக்காவுக்கும் தொந்தரவில்லை, அங்கே டீச்சர்களைத் தவிர எல்லோரும் அடுப்பு மேல் காய்ந்தவர்கள்தான். என்னை மட்டும் அம்மா டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருந்தாள். அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாற்றித் தரச் சொன்னாள். டீச்சர் நல்லவர், யாரையும் திட்டாமல் என்னை ஜன்னல் பக்கம் தனியாக உட்கார வைத்தார். நான் வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னேன், ஜன்னல் பக்கத்துக்கு வகுப்பே அடித்துக்கொள்ளும். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் தலையையும் ஸ்வெட்டரையும் முகர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

தீபாவளிக்கு முன்னால் எஸ்டேட்டில் போனஸ் போடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை குன்னூர் பஸ்ஸெல்லாம் தேயிலைத் தோட்டக்காரர்கள்தான். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு நேராக ஒரு ஷோரூமுக்குள் நுழைந்தாள். துணிக்கடைக்கு என்று நம்பி வந்த அக்கா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே ஒரு மூலையில் மேசை போட்டு டை கட்டிய பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கடை ஆளும் இல்லை, பேங்க் ஆளும் இல்லை. தவணைக்குக் கடன் கொடுக்கிற ஏதோ ஒரு கம்பெனியின் ஆள். போனஸை முன்பணமாகக் கட்டிவிட்டால் மீதியை மாதாமாதம் கட்டலாம், வட்டியே கிடையாது என்றான். வட்டி இல்லாமல் எவனாவது கடன் கொடுப்பானா என்று அப்பா குனிந்து என் காதில் கேட்டார். அவருக்குச் சந்தேகம் வந்தால் என் காதில்தான் கேட்பார், சத்தமாகக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அப்பா ஃபேக்டரியில் டெம்பரரி என்பதால் அவர் பேரில் கடன் கிடைக்கவில்லை. அம்மா கொழுந்து பறிக்கிற வேலையில் பெர்மனென்ட், சம்பளம் பேங்க் கணக்கில் ஏறுகிறவள். அவள் பேரிலேயே எழுதினார்கள். மாதம் ஐந்தாம் தேதி தவணைப் பணம் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பையன் விரல் வைத்த இடத்திலெல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டாள். சரிங்களா என்று அவன் கேட்டதற்கெல்லாம் சரிங்க என்றாள். அவள் கண் மெஷின் மேலேயே இருந்தது, அதற்குள் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று.

எங்கள் எஸ்டேட்டில் சம்பளம் பத்தாம் தேதி. ஏறிய சம்பளத்தை அடுத்த ஞாயிறே ஏடிஎம்மில் வழித்து எடுத்துவிடுவதுதான் லைன் வழக்கம். பேங்க்கில் கிடக்கிற பணத்தை யார் எப்போது என்ன செய்வார்கள் என்று யார் கண்டது? அரிசி டப்பாவில் இருந்தால்தான் அது நம் பணம். ஆக, ஐந்தாம் தேதி கம்பெனி வந்து கணக்கைத் தட்டிப் பார்க்கும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தத் தவணை திரும்பிப் போகும். பணம் அதே நேரத்தில் எங்கள் வீட்டு அரிசிக்குள் பத்திரமாகப் புதைந்து கிடக்கும். நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டது வளர்ந்து வேலைக்குப் போய், ஒரு போனைத் தவணையில் வாங்கியபோது. எந்தத் தேதி உங்களுக்கு வசதி மேடம் என்று என்னைக் கேட்டார்கள். அம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரிங்க என்றுதான் சொல்லியிருப்பாள்.

அப்பாவின் போனுக்கு மாதாமாதம் இங்கிலீஷில் மெசேஜ் வரும். அப்பா அதைப் பாட்டு விளம்பரங்களோடு சேர்த்து அழித்துவிடுவார். பிறகு ஒரு பெண் கூப்பிட்டுத் தவணை வரவில்லை என்று ஞாபகப்படுத்துவாள். கம்பெனிக்காரங்க மறக்காமல் கூப்பிடுகிறார்களே என்று அம்மாவுக்கு அதிலே ஒரு மரியாதை. ஆனால் ஐந்தாம் தேதி முதல் சம்பளம் வரும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கொழுந்து எடை போடும் இடத்திலிருந்து வந்ததும் கூட்டிய வீட்டையே மறுபடி கூட்டுவாள். அடுப்பில் உலை கொதித்தால் அதோடு சண்டை பிடிப்பாள். மறுபடி போன் அடித்தால் நாலு பேரும் அதைப் பார்ப்போம், யாரும் எடுக்க மாட்டோம்.

இந்தப் பயம் கடனைக் கட்ட முடியாத பயமில்லை. அது வேறு. எங்கள் லைனுக்குச் சம்பள ஞாயிறு தவறாமல் தவணைக்காரர்கள் வருவார்கள். ஒருவர் கம்பளி கொடுத்தவர், ஒருவர் பாத்திரம் கொடுத்தவர். அவர்கள் வண்டிச் சத்தம் வளைவில் கேட்டதும் சில வீடுகள் வெளியே பூட்டிக்கொள்ளும், உள்ளே ஆள் இருக்கும், தும்மலும் கேட்கும். அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. கதவை விரியத் திறந்து வைத்து, வாசலில் ஸ்டூலைப் போட்டு, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தவணைக்காரர் முதலில் அவளிடம் வந்து வாங்கிவிட்டுத்தான் மற்ற வீடுகளைத் தட்டுவார். அந்த அக்கா கை ராசி என்று சொல்லுவார். லைனில் அவளுக்கு அது பெரிய பேர். கடன் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் இல்லை, கேட்டு வந்தவனை நிற்க வைப்பதுதான் குறைச்சல் என்பது அவள் கணக்கு.

இந்தக் கணக்குக்குச் சரியாக வந்து பொருந்தினார் ரெயின்கோட் அண்ணன். முதல் சம்பள ஞாயிறே, தலை முதல் கால் வரை மழைக்கோட்டு சொட்டச் சொட்ட, பைக்கைச் சேற்றில் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். மெஷின் தவணை வசூலிக்கக் கம்பெனி அனுப்பிய ஆள். கூடலூர்ப் பக்கத்துக்காரர், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பெரிய கம்பெனியாக இருந்தாலும் முறை தெரிந்த கம்பெனி, வீடு தேடி ஆள் அனுப்புகிறார்களே என்றாள். உள்ளே கூப்பிட்டு அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, டீ கொடுத்து, தொட்டுக்கொள்ள வர்க்கி கொடுத்து, பிறகுதான் பணத்தை எண்ணினாள்.

அவர் கொடுத்த ரசீதில் தவணைக்குக் கீழே இன்னொரு தொகையும் இருந்தது. அது என்ன என்று அம்மா கேட்டாள். சார்ஜுங்க அக்கா என்றார் அவர். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எமரால்டு ஊர்ப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டு, இந்த மழையில், இந்தச் சரிவில் வண்டி ஓட்டி வருகிறவனுக்குப் பெட்ரோல் யார் போடுவார்கள்? கம்பளிக்காரரிடம் பத்து ரூபாய்க்கு அரைநாள் மல்லுக்கு நிற்கிறவள், அந்தக் காசை வாயைத் திறக்காமல் கொடுத்தாள். அதற்குப் பெட்ரோல் காசு என்று வீட்டில் பேரே விழுந்துவிட்டது. தவணைக்கு எடுத்து வைக்கும்போதே அதையும் தனியாக மடித்து வைப்பாள்.

ஒரு மாதம், டீ குடித்துக்கொண்டே, அந்த அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அக்கா, அஞ்சாந்தேதிக்கு அக்கவுண்ட்ல பைசா கிடந்தாப் போதுங்க. நான் வரவே வேண்டியதில்ல."

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"அதென்னங் தம்பி அப்படிச் சொல்லிப்போட்டீங்க. மாசத்துக்கு ஒருக்கா வர்ற பையன், உங்களுக்கு ஒரு டீ வெக்கறது எனக்குப் பாரமுங்களா?"

அவர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா தட்டில் இன்னொரு வர்க்கியை வைத்தாள். அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒவ்வொரு வசூலுக்கும் அவருக்குக் கமிஷன் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதனால் எடுக்கவில்லையா, அம்மா மனசு நோகும் என்று எடுக்கவில்லையா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

மெஷின் என்னவோ நன்றாகத்தான் உழைத்தது. கல்லில் அடித்துத் துவைக்காத துணி துணியா என்று அம்மா துவைப்பதைக் கையாலேயே செய்தாள். மெஷினின் துவைக்கிற பக்கத்தில் வெங்காயம் கொட்டி வைத்தாள். காய வைக்கிற பக்கம் மட்டும் லைனுக்கே பொதுவானது. ஸ்வெட்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் வருவார்கள், நான் மேலே ஏறி உட்காருவேன். என் ஸ்வெட்டரில் புகை வாசனை போய் லேசாக வெங்காய வாசனை வந்தது. டீச்சர் என்னை ஜன்னலிலிருந்து பழைய இடத்துக்கே மாற்றினார், எனக்கு அதில் வருத்தம்தான்.

அக்கா அந்த வருஷம் பிளஸ் டூ. நர்ஸிங் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா காய்ச்சலுக்கு நெற்றியைத் தொடுகிற மாதிரியே எல்லோர் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பாள், ஆட்டுக்குட்டியைக்கூட விடமாட்டாள். தாவணியைக் கிழித்து என் கைக்குக் கட்டுப் போட்டுப் பழகுவாள். பாதி கட்டும்போதே நான் எழுந்து ஓடிவிடுவேன், நோயாளி ஓடக்கூடாது என்று துரத்திக்கொண்டு வருவாள். எங்களுக்குள் ஆகவே ஆகாது. இங்கிலீஷ் மீடியம் எனக்கு மட்டும் கிடைத்தது என்று அவளுக்கு ஒரு குறை, அதை வாய் விட்டுச் சொல்லவும் மாட்டாள், விடவும் மாட்டாள். நான் ரைம்ஸ் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

நல்ல மார்க் வாங்கினாள். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் இடமும் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்கு. அம்மா கலங்கவே இல்லை. படிப்புக்கு பேங்க்கில் லோன் தருகிறார்கள், தன் சம்பளம் ஏறுகிற பேங்க், தன்னை அவர்களுக்குத் தெரியாதா, கடன் வாங்கி ஒரு மாதம் நின்றதுண்டா என்று லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். நர்ஸம்மாவின் அம்மா என்று இரண்டு மூன்று பேர் அப்போதே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

நாங்கள் பேங்க்குக்குப் போன அன்று பள்ளிக்கு மழை லீவு, அதனால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு ஷிஃப்ட். அம்மா கல்யாணங்களுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். மெஷின் ரசீதுகளை ஒன்று விடாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அவள் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே. மேனேஜர் உட்காரச் சொன்னார். எனக்குக் கிடைத்தது சுழலுகிற நாற்காலி. அக்கா என் தொடையைக் கிள்ளிக்கொண்டே அவளுடைய மார்க் ஷீட்டை நீட்டினாள். மார்க்கைப் பார்த்து மேனேஜர் நல்லா வாங்கியிருக்கேம்மா என்றார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"ஏம்மா, உங்க பேர்ல ஒரு தவணைக் கடன் இருக்கே. மாசாமாசம் லேட்டாக் கட்டியிருக்கீங்க."

அம்மா சிரித்தாள். ஆள் மாறாட்டம் என்று நினைத்திருப்பாள்.

"ஒரு மாசங்கூடப் பாக்கி வெச்சதில்லைங் சார். ஊடு தேடி வந்து வாங்கீட்டுப் போறாங்க."

கவரைப் பிரித்து ரசீதுகளை மேசையில் பரப்பினாள். மேனேஜர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப் போனதால்தான் ஆள் வீடு தேடி வந்தது என்று நிதானமாகச் சொன்னார். திரும்பின ஒவ்வொரு மாதமும் அவள் பேருக்கு எதிரே பதிந்திருக்கிறது, எந்த பேங்க்கில் போய்க் கேட்டாலும் அது தெரியும் என்றார். ரசீதின் இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"இது அபராதம்மா."

"இல்லைங் சார்," என்றாள் அம்மா, அவருக்குப் புரிய வைக்கிற மாதிரி. "அது அந்தத் தம்பிக்குப் பெட்ரோல் காசுங்."

மேனேஜர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. மேலிடத்தில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒரு வருஷம் தேதி தவறாமல் கட்டிக் காட்டிவிட்டு வாருங்கள், அப்போது பார்க்கலாம் என்றார். இடம் இந்த மாதம் வரைக்கும்தான் என்று அக்கா சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை, அவ்வளவு சின்னக் குரலில் சொன்னாள். தன் கையில் எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக அவர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அம்மா அதைப் பார்த்தாள். முழுக்க இங்கிலீஷ்.

நான் நாற்காலியை விட்டுக் குதித்தேன். அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது. திரையில் மூக்கை வைத்து, ஸ்கூலில் பாடம் வாசிக்கிற குரலில், உரக்க, அம்மாவின் பேரை வாசித்தேன். அதற்குக் கீழே மாதங்கள் வரிசையாக இருந்தன. நவம்பர், ஓவர்டியூ. டிசம்பர், ஓவர்டியூ. ஜனவரி, ஓவர்டியூ. ஃபிப்ரவரி எனக்கு வகுப்பில் எப்போதும் இடறும், அன்றைக்கு இடறவில்லை. பேங்க்கில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் படித்தேன். எந்த ஸ்கூல் பாப்பா என்று மேனேஜர் கேட்டார், பாவம், அவருக்கும் வேறு எதையாவது பேச வேண்டியிருந்தது. இங்கிலீஷ் மீடியங் சார் என்றாள் அம்மா. ரசீதுகளைப் பொறுக்கிக் கவருக்குள் போடும்போது இரண்டு கீழே விழுந்தன, அவள் எடுக்கவில்லை, அக்கா எடுத்தாள்.

அடுத்த சம்பள ஞாயிறும் ரெயின்கோட் அண்ணன் வந்தார். அம்மா டீ கொடுத்தாள், பணம் கொடுத்தாள், எதுவும் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பையனிடம் இல்லையென்றால், அந்த டை கட்டினவனிடமாவது போய் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? ஆனால் அம்மா தன்னைத்தான் கேட்டுக்கொண்டாள், அதுவும் எங்கள் காதில் விழாமல். அக்கா அந்த மாதமே திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். ஹாஸ்டலில் தங்கி வேலை. மறு வருஷமும் அவள் பேங்க்குக்குப் போகவில்லை, அதற்கடுத்த வருஷமும் போகவில்லை. நான் பன்னிரண்டாவது முடிக்கிற வரை என் ஃபீஸ் திருப்பூரிலிருந்துதான் வந்தது.

ஆனால் அன்றைக்கு, பேங்க்கிலிருந்து குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து, எங்கள் பஸ்ஸுக்காக நின்றபோது, இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மழை சாரலாக உள்ளே அடித்தது. அம்மா அக்காவின் பக்கம் திரும்பாமல், எதிரே நிற்கிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள். சின்னவளைக் கீழே அரசுப் பள்ளியில் போட்டுவிடுகிறேன், அந்த ஃபீஸையும் மெஷின் விற்கிற காசையும் சேர்த்து, இன்னும் யாரிடமாவது புரட்டி, உன் காலேஜுக்குக் கட்டிவிடலாம் என்றாள். நான் அவர்கள் இரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்மா," என்றாள் அக்கா கடைசியில். "இவ எத்தனை நல்லாப் படிச்சா, பாத்தீல்ல? இவ படிக்கட்டும்."

நான் ஓடுவதை நிறுத்திவிட்டேன். என்னைப் பற்றி அக்கா வாயால் ஒரு நல்ல வார்த்தை, பிறந்ததிலிருந்து நான் கேட்டதில்லை. எந்த ஸ்கூல் என்று மேனேஜர் கேட்டதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் படித்தது அவளுக்குப் பிடித்திருக்கிறது, இனிமேல் ரைம்ஸ் சொன்னால் எழுந்து போகமாட்டாள். பஸ் வரும்வரை எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவள் முன்னால் போய் நின்று, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டேன்.

அக்கா இன்னொரு தடவையும் சொன்னாள்.